மூணு சுத்து

அந்தமானா சார்? இல்ல, போன்ல பேசிக்கினு இருந்தீங்களே, காதுல வுழுந்துச்சு. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல ஒக்காந்துக்கினு காதைப் பொத்திக்கவா முடியும். போங்க சார், நல்ல ஊரு. தண்ணி அப்டியே கண்ணாடி மாதிரி இருக்கும். யாரு யாரு போறீங்க? நீங்க, வீட்டம்மா... மாமனாருமா? நல்லது சார். பெரியவங்க ஒருத்தரு கூட இருந்தா எப்பவும் நல்லதுதான்.

நானும் போய்ட்டு வந்தேன். போன தை மாசம், குடும்பத்தோட. அதுக்கப்புறம் குடும்பம் இல்ல. அது வேற கதை. வேற கதை இன்னா வேற கதை, அதே கதைதான்.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. படகுக்காரனை நம்பாதீங்க. எங்களை மீன் புடிக்கக் கூட்டிக்கினு போனவன் பேரு கித்தேரியான். தமிழ் ஆளுதான். அவங்கப்பா காலத்துல ராமேஸ்வரம் பக்கத்துலருந்து போயி அங்கயே தங்கிட்ட குடும்பம். தமிழ்ல பேசறானேன்னு நம்பி ஏறுனேன் சார். அவனாலதான் என் மாப்ள கையி போச்சு. அவனாலதான் என் பொண்ணு என்னை வூட்டுப் படி ஏறாதன்றா. பெத்த அப்பனை! நான் ஆற்காட்டுல இறங்கணும். அவ வூட்டுக்குத்தான் போறேன். வரக்கூடாதுன்னுதான் சொல்லிக்கிறா. அதுக்காகப் போவாம இருக்க முடியுமா? என் பொண்டாட்டியும் அங்கதான் கீறா. நாலு மாசமா நானே பொங்கி நானே தின்னுக்கினு இருக்கேன்.

என் பேரு எத்திராஜ். ரயில் பெட்டி செய்யற ஒர்க்‌ஷாப்புல முப்பத்தி நாலு வருசம் பிட்டரு. ஆனா வியாசர்பாடி பக்கம் வந்து கேட்டுப் பாருங்க, பிட்டர் எத்திராஜுன்னா யாருக்கும் தெரியாது. காத்தாடி எத்திராஜுன்னா சின்னப் புள்ளகூட வழி காட்டும். நான் மாஞ்சா போட்ட நூல் மேல ஏறுச்சுன்னா, எதுக்க எவன் காத்தாடி உட்டாலும் அறுத்துக்கினுதான் வரும். காத்து ஆளைத் தூக்கற மாதிரி அடிக்கும், மத்தவன்லாம் நூல் சுத்தி வெச்ச லொட்டாயைப் போட்டுட்டு ஓடுவான். நான் நூலை அப்டியே உள்ளங்கையில ரெண்டு சுத்து போட்டுக்கினு நிப்பேன். கையைப் பாருங்க, தழும்பு தெரியுதா? இது நூல் கை சார். இந்தக் கைக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல.

இப்ப மாஞ்சாவுக்குத் தடை. பைக்குல போறவன் கழுத்தை அறுக்குதாம். அறுத்துச்சுதான், இல்லன்னு சொல்லல. எங்க தெரு முனையிலயே ஒண்ணு ஆச்சு. என் நூல் இல்ல அது. புடிச்சிருக்கறவன் ஒயுங்காப் புடிச்சா நூல் ஏன் சார் அறுக்கப் போவுது?

மாப்ள பேரு குணசீலன். கெவுர்மெண்டு ஆஸ்பத்திரில லேப்ல வேலை, ரத்தம் எடுக்கறது. கைக்கொழந்தைக்கு ஊசி போட எடம் கெடைக்காதாம், டாக்டருங்களே இவரைத்தான் கூப்புடுவாங்களாம். இவரு கையில கொழந்தைங்க அழுவாதுன்னு என் பொண்ணு சுகந்தி பெருமையா சொல்லுவா. நல்ல மனுசன் சார். நான் ஒரு நாளும் கொறை சொன்னதில்ல. ஆனா பேசறது பக்கத்துல நிக்கறவனுக்கே கேக்காது. ரோடு தாண்டறதுக்கு நாலு தபா ரெண்டு பக்கமும் பாப்பாரு. எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல. ஒத்தப் பொண்ணு. மாப்ளன்னு ஒருத்தரு வந்தா மொட்டை மாடிக்குக் கூட்டிக்கினு போயி கையில நூலைக் குடுக்கணும்னு ஆசை வெச்சிருந்தேன். இவரு வந்தாரு. ஒரே ஒருக்கா நூலைத் தொட்டாரு, வெரல்ல கீறிடுச்சு, பஞ்சு எடுக்க கீழ போனவரு அப்புறம் மேல வரவேயில்ல.

கெவுர்மெண்டு வேலைல இருக்கறவங்களுக்கு டூரு குடுக்கறாங்கல்ல, அதுல அந்தமான் போலாம்னு சுகந்திதான் சொன்னா. நீயும் அம்மாவும் வாங்கப்பான்னா. போனோம். பெரிய ஊருலருந்து கப்பல்ல ரெண்டு மணி நேரம் போனா ஒரு சின்னத் தீவு. பேரு வாயில நொழையாது. வெள்ளை மணலு, சாஞ்ச தென்னை மரம், நண்டுங்க நம்மளைக் கண்டா கோலம் போட்டுக்கினு ஓடும்.

அங்க எல்லாம் தண்ணி வெளாட்டுதான். மொத நாளு பனானா போட்டு. மஞ்சளா நீட்டா ரப்பர்ல வாழப்பழம் மாதிரி ஊதி வெச்சிருப்பான், அதுமேல குதிரை சவாரி மாதிரி ஒக்காரணும். முன்னாடி ஒரு மோட்டார் போட்டு இழுத்துக்கினு போவும். கடைசில வேணும்னே கவுத்து உடுவான், அதான் வெளாட்டு. கவுந்தவுடனே மாப்ள "அம்மா"ன்னு ஒரு கத்து கத்துனாரு பாருங்க! லைப் ஜாக்கெட்டு போட்டிருக்காரு, மெதக்கறாரு, அப்பவும் கத்தறாரு. ராத்திரி சாப்பாட்டுல நான் அந்த மாதிரியே கத்திக் காட்டுனேன். பக்கத்து டேபிள்ல கல்கத்தாக்காரங்க, பாஷையே தெரியாது, வுழுந்து வுழுந்து சிரிக்கறாங்க. மாப்ளயும் சிரிச்சாருன்னு வெச்சுக்கோங்களேன். சுகந்திதான் மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு பாதிச் சோத்துல எழுந்து போய்ட்டா. ஒரு தமாசுக்கு இவ்ளோ கோவமா?

ரெண்டாம் நாளு ஜெட் ஸ்கீ. தண்ணில ஓடற ஸ்கூட்டரு. அறுவத்தி மூணு வயசுல ஓட்டுனேன் சார் நானு. மாப்ள கரைல என் துண்டைப் புடிச்சிக்கினு நின்னாரு. அவருக்குப் புடிச்சது ஒண்ணே ஒண்ணுதான், அந்த அடியில கண்ணாடி வெச்ச போட்டு. அதுல ஒக்காந்தா கீழ மீனு, பவளமெல்லாம் தெரியும். முக்கா மணி நேரம் குனிஞ்ச தலை நிமிரல. "மாமா, மைக்ரோஸ்கோப்புல பாக்கற மாதிரியே இருக்கு மாமா"ன்னாரு. கடல்ல வந்து மைக்ரோஸ்கோப்பாம்! நான் சொன்னேன், "மாப்ள, பாத்தது போதும். நாளைக்கு நாம ரெண்டு பேரும் போயி புடிக்கறோம்." அவரு, "பாத்தாச்சே மாமா, போதுமே"ன்னாரு. நான் உடல. பொம்பளைங்க ரெண்டு பேரும் கரைல இருக்கட்டும், ஆம்பளைங்க போலாம்னு கித்தேரியானைப் புடிச்சிப் பேசிட்டேன். நல்லதுக்குத்தான் சார் செஞ்சேன். ஒரு பெரிய மீனை ஒருக்கா இழுத்துட்டாருன்னா தைரியம் வந்துடும், பொண்டாட்டி முன்னாடி கொஞ்சம் நிமிந்து நடப்பாருன்னு ஒரு ஆசை.

காலைல ஏழு மணிக்குக் கெளம்புனோம். படகுல நாங்க மூணு பேருதான். தூண்டில் கம்பு கிம்பு ஒண்ணும் இல்ல. நைலான் நூலு, நுனில ஈயம், முள்ளு, வெறும் கையில உடணும். கித்தேரியான் சைக்கிள் டியூபை வெரலு மாதிரி அறுத்து வெச்சிருந்தான். ஆளுக்கு ரெண்டு குடுத்தான். "இதை வெரல்ல மாட்டிக்கங்கய்யா. நூலை வெரல் மேல ஓட விடுங்க. கையில மட்டும் சுத்தாதீக. பெரிய பாறை மீன் வந்துச்சுன்னா நூலை விட்டுறணும். நூல் போனா போவுது, கை இருக்கும்."

எனக்கு சிரிப்பு வந்துச்சு. நூலைப் பத்தி எனக்கே சொல்லித் தரான். "நாப்பது வருசம் காத்தாடி உட்ட கை இது, தெரியுமா?"ன்னேன். அவன் மரியாதையாத்தான் சொன்னான், "ஐயா, காத்தாடி வேற. அது போவப் பாக்கும், நீங்க புடிச்சு வைப்பீக. இது கீழ இருந்து உங்களைப் புடிச்சு இழுக்கும்." பேச்சு நல்லாத்தான் பேசறான்.

மாப்ள ஒயுங்கா அந்த டியூபை மாட்டிக்கினாரு. நான்தான் கயட்டச் சொன்னேன். அதைப் போட்டா நூலு என்னா பேசுதுன்னு வெரலுக்குத் தெரியாது சார். தெரிஞ்சவன் சொல்றேன்.

எனக்கு அரை மணில ரெண்டு மாட்டுச்சு, செவப்பா, உள்ளங்கை அகலம். மாப்ளைக்கு மாட்டும், சரசரன்னு நூலு வெரல் மேல ஓடும், பயந்து உட்டுடுவாரு. மறுபடியும் மாட்டும், உட்டுடுவாரு. கித்தேரியான் வேற, "சரியாச் செய்யறீக சார், அப்படித்தான் விடணும்"ன்றான். உடறதுக்கா சார் வந்தோம்? மூணாவது தபா நான் கேட்டுட்டேன், "இன்னா மாப்ள, ஒரு மீனைப் புடிச்சி நிறுத்த முடியல, என் பொண்ணை எப்டி வெச்சிக் காப்பாத்துவீங்க?" தமாசுதான். அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. "மாமா, கரைக்குப் போலாமா?"ன்னாரு. ஒண்ணே ஒண்ணு புடிச்சிட்டு போலாம்னேன்.

கித்தேரியான் எடத்தை மாத்தலாம்னு முன்னாடி போயி நங்கூரக் கவுத்தை இழுத்துக்கினு இருந்தான். முதுகு எங்க பக்கம். பாருங்க, ஆளுங்க தண்ணில நூலை உட்டுக்கினு இருக்கும்போது முதுகைக் காட்டலாமா? அங்கதான் தப்பு. அந்த நேரத்துலதான் நூலு மாப்ள கையில சுத்திக்கிச்சு. சுத்திக்கிச்சு, அவ்ளோதான். ஒரு நிமிசம் ஆயிருக்காது. வந்து அடிச்சிது பாருங்க.

படகே சாஞ்சிடுச்சு. மாப்ள போயி பலகைல மோதுறாரு, கையி தோள் வரைக்கும் தண்ணில. என்னா மீனோ, எவ்ளோ பெருசோ, யாரு பாத்தா. "மாமா, உடுங்க மாமா, உடுங்க"ன்றாரு. ஏன்னா நூலோட இந்தப் பக்கம் என் கையில இருக்கு. நான் புடிச்சிருக்கேன். காத்தாடில நூலும் நூலும் மாட்டி டீலு உழுந்தப்புறம் எவனாச்சும் நூலை உடுவானா சார்? உட்டா போச்சு. நான் காலைப் பலகைல ஊணிக்கினு இழுத்தேன். அதுவும் இழுக்குது, நானும் இழுக்கறேன். நடுவுல மாப்ள கையி. கித்தேரியான் தாண்டிக் குதிச்சி வந்து, என்னை நெஞ்சுல கையை வெச்சித் தள்ளிட்டான். வயசுல பெரியவன்னுகூடப் பாக்கல. தள்ளிட்டு கத்தியால நூலை அறுத்தான்.

ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் அங்கயே போச்சு. கட்டை வெரலுக்குப் போற தசை அறுந்துபோச்சு. பனானா போட்டுல அம்மான்னு கத்துன மனுசன், இதுக்கு சத்தமே போடல சார். கையைத் தூக்கிப் புடிச்சிக்கினு, கித்தேரியானுக்கு எங்க அழுத்தணும், எப்டிக் கட்டணும்னு நிதானமா சொல்லிக்கினு இருந்தாரு. அவன் போட்டிருந்த பனியனைக் கிழிச்சிக் கட்டுனான். கரைக்கு வர்றவரைக்கும் அழுதுக்கினே ஓட்டுனான். நான் அப்பவே நெனைச்சிக்கினேன், குத்தம் பண்ணவன்தானே அழுவான்?

தீவுல சின்ன ஆஸ்பத்திரிதான். அங்கருந்து கப்பல்ல பெரிய ஊருக்கு. அங்க போலீஸ்காரரு வந்து எழுதிக்கினாரு. "கையில சுத்தக்கூடாதுன்னு படகோட்டி சொன்னானா?"ன்னு கேட்டாரு. இல்லன்னேன். அது பொய்யி இல்ல சார். எஞ்சின் ஓடிக்கினு இருக்கும்போது சொன்னான். மாப்ள காதுல வுழுந்துச்சோ என்னவோ. காதுல வுழாத மாதிரி சொன்னா அது சொல்லாத மாதிரிதானே? கையெழுத்துப் போட்டேன். அப்புறம் மாப்ளயைக் கேட்டாங்க, யாரு சுத்துனதுன்னு. அவரு என்னைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "நானே சுத்திக்கிட்டேன் சார்"ன்னாரு. தங்கமான மனுசன், நான்தான் சொன்னேனே.

கித்தேரியான் வேற மாதிரி சொல்லிக்கிறான். "பெரியவரு சுத்திவிட்டாரு"ன்னு. முதுகைக் காட்டிக்கினு நின்னவன் எப்டிப் பாத்தான்? அவன் பேச்சு எடுபடல. படகு ஓட்டற பர்மிட்டைப் புடுங்கிட்டாங்க. நடுவுல எனக்கு ஒரு நாளு போன் பண்ணான். "ஐயா, படகு கரையில காயுது. கூலிக்கு வலை பிரிக்கப் போறேன். நீங்க உள்ளதைச் சொல்லி ஒரு கடுதாசி எழுதுனா போதும்யா. யாரும் உங்களை ஒண்ணும் செய்ய மாட்டாக. தெரியாமச் செஞ்சதுதானய்யா"ன்னான். தெரியாமச் செஞ்சதாம்! நூலு எனக்குத் தெரியாதா? கட் பண்ணிட்டேன்.

மாப்ளைக்கு வேலை போவல. ஆஸ்பத்திரில சீட்டு குடுக்கற எடத்துல ஒக்கார வெச்சிட்டாங்க. எடது கையில சீல் குத்தறாரு. ரத்தம் எடுக்கற ரூம்புல கொழந்தைங்க கத்துனா எழுந்து வெளியே போய்டறாராம். ஒக்காந்த எடத்துல வேலை, அதே சம்பளம், இன்னா கொறைன்னு ஒரு நாளு சொன்னேன். அன்னிக்கிதான் சுகந்தி கேட்டா. அவருக்கு சோறு ஊட்டிக்கினு இருந்தவ, தட்டைக் கீழ வெச்சிட்டு என்கிட்ட வந்து நின்னா.

"அப்பா, அவரு சோத்துக் கைக்காரர்தானே?"

"ஆமா, அதுக்கு இன்னா?"

"அவரே சுத்தியிருந்தா வலது கையால எடுத்து இடது கையிலதானப்பா சுத்தியிருப்பாரு? போனது வலது கை. வலது கையில சுத்துனது யாரு?"

இது ஒரு கேள்வியா சார்? பெத்த அப்பனை போலீஸ்காரன் மாதிரி நிக்க வெச்சி? நான் மாப்ளயைப் பாத்தேன். அவரு தட்டையே பாத்துக்கினு இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, நான்தான் சுத்திக்கிட்டேன் சுகந்தின்னு? போலீஸ்ல சொன்னவரு பொண்டாட்டிகிட்ட சொல்லல. எனக்கு அதுலதான் சார் மனசு ஒடைஞ்சி போச்சு.

அப்புறம் அவளே ஒரு பேப்பர்ல எழுதி தபால்ல அனுப்பி வெச்சா. நடந்தது இதுதான், படகோட்டி எச்சரிக்கை பண்ணாரு, நான்தான் சுத்திவிட்டேன், அவரு மேல தப்பு இல்ல, அப்டின்னு. கீழ என் பேரு. கையெழுத்துப் போட்டு அந்தமானுக்கு அனுப்பு, அனுப்பிட்டு வா, அதுவரைக்கும் வராதன்னா. அவங்கம்மாவும் அதையே சொல்றா. போட்டா, நான்தான் என் மாப்ள கையை எடுத்தேன்னு ஆயிடும்ல? என் பொண்ணு வாழ்க்கையை நானே அறுத்தேன்னு ஆயிடும்ல? அப்டி எந்த அப்பனாச்சும் எழுதிக் குடுப்பானா, நீங்களே சொல்லுங்க. அந்தப் பேப்பரை டிவிக்குக் கீழ வெச்சிட்டு வந்துட்டேன். வெறும் கையோட போவல, அவருக்குப் புடிக்கும்னு சாத்துக்குடி வாங்கிக்கினு போறேன். உரிக்க முடியாது பாவம், நானே உரிச்சித் தருவேன். மூஞ்சியைப் பாத்தா உள்ள கூப்புட மாட்டாளா? போன மாசமும் போனேன். ஜன்னலைச் சாத்திட்டா. இன்னிக்கி கூப்புடுவா.

இன்னா கேட்டீங்க? நீங்களும் அதையே கேக்கறீங்களா, யாரு சுத்துனதுன்னு? இருங்க, வாயில சொன்னா யாருக்கும் புரிய மாட்டேங்குது. தப்பாவே எடுத்துக்கறீங்க எல்லாரும். அந்த போன் சார்ஜர் ஒயரைக் கொஞ்சம் குடுங்க. கையை நீட்டுங்க. வலது கையி சார். பயப்படாதீங்க. இதோ, இப்டி உள்ளங்கை வழியா வந்து ஒண்ணு. பின்னாடி போயி ரெண்டு. மூணாவது இந்த ரெண்டு வெரலுக்கும் மேல, அப்பத்தான் நழுவாது. அப்டியே வெரலை மடக்கி, மேல என் கையை வெச்சி மூடிட்டேன். "மாமா, வேணாம் மாமா, அவரு சுத்தக்கூடாதுன்னாரே"ன்னாரு. "அவனுக்கு இன்னா தெரியும், புடிங்க மாப்ள"ன்னேன். அவ்ளோதான் சார். இதுல இன்னா தப்பு? ஒரு அப்பன் புள்ளைக்குச் சொல்லித் தர மாதிரி, இவ்ளோதான் செஞ்சேன்.

சார்? ஏன் சார் அப்டிப் பாக்கறீங்க? இருங்க, நானே அவுக்கறேன். கையை இழுக்காதீங்க சார். இழுத்தா இறுகும்.